களக் கணக்கெடுப்பில் ஈறு நோய்: பழைய சிபிஐ போதுமா?

கேள்வி:
35–44 வயதுக்காரர்கள் 400 பேர், கிராமப்புறம், பரிசோதிக்க இருவர். 10 குறியீட்டுப் பற்களை வைத்துச் செய்யும் பழைய சிபிஐயா (ஈறு நோயை அளக்கும் குறியீடு), 2013 உலக சுகாதார நிறுவனக் கையேட்டு முறையா? வாய்ச் சுத்தத்துக்கு ஓஎச்ஐ-எஸ் (அழுக்கு, காரை இரண்டுக்கும் மதிப்பெண் தரும் எளிய குறியீடு) சேர்க்கலாமா?

பதில் 1:
பழையதை விட்டுடுங்க. வாயை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் மோசமான ஒரே குறியெண்தான் தாளில் ஏறும். காரைக்கு (பல்லில் இறுகிப் படிந்த கறை) 2 போட்டால், அங்கே ரத்தம் கசிந்ததா என்பது காணாமல் போகும். கசிவு, காரை, பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகும் பள்ளம்) என்று நோய் படிப்படியாக ஏறும் என்ற அனுமானமே தப்பு. 2013 முறையில் இருக்கிற எல்லாப் பல்லுக்கும் கசிவு தனி, பாக்கெட் தனி (4–5 மிமீக்கு 1, 6 மிமீ முதல் 2). பழைய ஆய்வோடு ஒப்பிடணும்னா, இதிலிருந்து அந்த 10 பல்லின் பாக்கெட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கலாம். தலைகீழாக முடியாது. காரை இதில் கிடையாது, அதற்கு ஓஎச்ஐ-எஸ் கைகொடுக்கும்.

பதில் 2:
பாக்கெட்டோடு நிறுத்தாதீங்க. ஈறு 3 மிமீ இறங்கி வேர் தெரிகிற பல்லில் ப்ரோப் (ஆழம் அளக்கும் கம்பி) 2 மிமீதான் போகும். சிபிஐக்கு அது நல்ல பல். பற்றிழப்போ (பல்லைப் பிடித்திருக்கும் திசு விட்டுப்போன அளவு) 5 மிமீ. வயது கூடினால் இந்த ஏமாற்றமும் கூடும். அமெரிக்காவின் நேஹேன்ஸ் (தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு) 2009 முதல் பல்லுக்கு ஆறு இடம் என வாய் முழுக்க அளந்தது. பாதி வாய் அளவீடு நோய்ப் பரவலைக் குறைத்தே காட்டும் என்பதுதான் காரணம்.

பதில் 3:
வரிசை முக்கியம். முதலில் ஓஎச்ஐ-எஸ் அழுக்கு மதிப்பெண், பிறகுதான் ப்ரோப். ரத்தம் வந்தபின் அழுக்கைப் பார்த்துப் பயனில்லை. 16, 11, 26, 31 எண் பற்களில் வெளிப்புறம். 36, 46 நாக்குப் பக்கம். கீழ்க் கடைவாயிலும் கன்னப் பக்கத்தையே பார்ப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

உலக சுகாதார நிறுவன ப்ரோபே வேணும்: நுனியில் 0.5 மிமீ குண்டு, 3.5–5.5 மிமீ கறுப்புப் பட்டை. பட்டை முழுக்க மறைந்தால்தான் 6 மிமீ குறியெண். அழுத்தம் 20 கிராமுக்கு மிகக் கூடாது. கட்டைவிரல் நகத்தடியில் வைத்து அழுத்தி, வெளிறும் அளவில் நிறுத்திப் பழகுங்க. ஒருவர் கை கனமாக இருந்தால் அவர் பார்த்த ஊரில் மட்டும் கசிவு எகிறும். ஆளுக்கு ஒரு ஊர் என்று பிரிக்காமல் ஒவ்வொரு ஊரிலும் இருவரும் பாருங்க. பத்தில் ஒருவரை மறுபடி பரிசோதித்து கப்பா (முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) கணக்கிடுங்க.

கேட்டவர்:
நன்றி. பீடி பிடிப்பவர்கள் நிறைய. கசிவு குறைவாகத் தெரியுமா?

பதில் 2:
தெரியும், புகை ஈறுக் கசிவை மறைக்கும். அவர்களைத் தனி அட்டவணையில் காட்டி, கசிவை விட்டுப் பற்றிழப்பை வைத்து ஒப்பிடுங்க.