கூஸ் வாத்து முட்டை: பாதி கூமுட்டை, பாதி ஓட்டுக்குள்ளேயே சாவு

மேலூர் தோப்பு:
வணக்கம். ஒரு ஆண், ஐந்து பெட்டை கூஸ் வாத்து இருக்கு. மூக்கு மேல புடைப்பு உள்ள ரகம், வயசு ஒன்றரை. ஐப்பசி கடைசியில முட்டை வைக்க ஆரம்பிச்சுது. பதினஞ்சு நாள் முட்டையைச் சேர்த்து மொத்தமா இன்குபேட்டர்ல வச்சேன். 37.5 டிகிரி, தண்ணித் தட்டு எப்பவும் நிறைய. 24 முட்டையில நாலுதான் பொரிச்சது. 11 கூமுட்டை, மீதி குஞ்சு முழுசா வளர்ந்து உள்ளயே செத்திருக்கு. ஆண்ல கோளாறா, மெஷின்லயா? தீவனம் தவிடு, நொய், கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு.

வைகைக்கரை:
ரெண்டும் வேற வேற கோளாறு, ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

முதல்ல கூமுட்டை. உடைச்சுப் பார்த்தீங்களா? மஞ்சள் கரு சுத்தமா இருந்தா கரு கூடவே இல்லை. ரத்த வளையம் தெரிஞ்சா கரு கூடி முதல் வாரத்துல செத்தது. அதுக்கு ஆணைக் குத்தம் சொல்ல முடியாது; 15 நாள் வச்சிருந்ததுதான் காரணமா இருக்கும். ஏழு நாளுக்கு மேல சேர்க்காதீங்க. நம்ம ஊர் வெக்கையில ஓட்டு வீட்டுக்குள்ள வச்சா அதுவே அதிகம். மண்பானையை ஈர மணல் மேல வச்சு, அதுல முட்டையைப் படுக்க வச்சு, தினம் ஒரு தடவை திருப்பி விடுங்க. எந்த நாள் முட்டைன்னு பென்சில்ல எழுதிடுங்க.

கரு கூடலைன்னா தண்ணியைப் பாருங்க. கூஸ் தரையிலயும் இணையும், ஆனா நீந்துற ஆழம் இருந்தாத்தான் ஆணுக்குப் பிடிமானம் சரியா இருக்கும். ஒன்றரை அடி ஆழத்துல, எட்டடிக்கு ஆறடி சிமெண்ட் தொட்டி போதும். காலையில கூண்டைத் திறந்ததும் தண்ணி சுத்தமா இருக்கணும். பெரியாறு கால்வாய்த் தண்ணி பாயுற வயல்ல மேய விடுறதா இருந்தா, நெல்லுக்குக் குருணை மருந்து போட்ட வயல் பக்கமே விடாதீங்க.

ஒரு ஆணுக்கு மூணு, நாலு பெட்டை நல்லது. ஐந்துன்னா ஏதாவது ஒண்ணை ஆண் ஒதுக்கிடலாம். அப்படின்னா அதோட முட்டை எல்லாம் வெறுமுட்டையாத்தான் வரும். ஒன்றரை வயசு ஆணுக்கு இது முதல் பருவம். அடுத்த வருசம் கூடும்.

உசிலம்பட்டி பண்ணை:
ஓட்டுக்குள்ள செத்ததுக்கு என் சந்தேகம் அந்தத் தண்ணித் தட்டு மேலதான். செத்த குஞ்சு தண்ணி கோத்து ஊதி, ஓட்டுக்குள்ள ஈரம் நின்னுச்சுன்னா ஈரப்பதம் கூடிப்போச்சு. காஞ்ச தோல் குஞ்சு மேல ஒட்டியிருந்தா குறைச்சல். வாத்துன்னா தண்ணி வேணும்னு தட்டை நிரப்புறது எல்லாரும் பண்றதுதான். கார்த்திகை அடைமழையில காத்துலயே ஈரம் இருக்கு.

கடைத் தராசு போதும். 160 கிராம் முட்டை 27 நாள்ல 20 கிராம் குறையணும். வாரம் ஒரு தடவை எடை போடுங்க. குறையலைன்னா தட்டை எடுத்திடுங்க, காத்துத் துவாரத்தைத் திறங்க.

முட்டையை நட்டுக்க நிறுத்தாம படுக்க வச்சு, ஒரு நாளைக்கு மூணு தடவையாவது பாதிச் சுத்து திருப்பணும். எட்டாம் நாள்ல இருந்து தினம் கால் மணி நேரம் மூடியைத் திறந்து ஆற விடுங்க. கண் இமையில ஒத்தினா சூடு தெரியாத பதம் வந்ததும் வெதுவெதுப்பான தண்ணி லேசாத் தெளிச்சு மூடிடலாம். பத்தாம் நாள் டார்ச் அடிச்சுப் பார்த்து வெறுமுட்டையை எடுத்திடுங்க. 27ஆம் நாளோட திருப்புறது நிறுத்தம். அப்பதான் தட்டு நிறையத் தண்ணி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல.

மேலூர் தோப்பு:
அண்ணே, ஊதிதான் இருந்துச்சு, ஈரமும் நின்னுச்சு. சில முட்டை ஓடு தொட்டாலே விரியுது. நாட்டுக்கோழியில அடை வைக்கலாமா?

திருமங்கலம் வாத்து:
வைக்கலாம். ஒரு கோழிக்கு நாலஞ்சு முட்டைதான், அதுக்கு மேல சூடு எட்டாது. முட்டை கனம், கோழியால புரட்ட முடியாது. அது இரைக்கு இறங்கும்போது நீங்கதான் தினம் ரெண்டு தடவை திருப்பணும். பேன் இல்லாத கோழியாப் பாருங்க. 21 நாளோட அது எழுந்திடுமோன்னு பயம் வேண்டாம், முட்டை கீழ இருக்குற வரைக்கும் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருக்கும். கூஸே அடை உட்கார்ந்தா பத்து முட்டை வரை அதுக்கே விட்டுடுங்க. எந்த மெஷினும் அதுக்கு ஈடில்லை.

ஓடு விரியுறது தீவனக் கோளாறு. தவிடும் நொய்யும் கொழுப்புதான் ஏத்தும். பருவம் முடியுற வரை லேயர் தீவனம் (முட்டைக்கோழித் தீவனம்) ஒரு வாத்துக்குத் தினம் 150 கிராம், வயிறு நிறைய அருகம்புல், அகத்தி. கிளிஞ்சலை நுணுக்கித் தனித் தொட்டியில வைங்க, தீவனத்துல கலக்காதீங்க; பெட்டை வேண்டியதை எடுத்துக்கும், ஆணுக்குச் சுண்ணாம்பு தேவையில்ல.

கடலைப் புண்ணாக்கை இன்னைக்கே நிறுத்துங்க. மழைக்காலத்துல பூசணம் பிடிச்சா அதுல ஊறுற நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து இனம் தாங்காது, ஈரல் போயிடும். பூசணம் தட்டின மக்காச்சோளமும் அப்படித்தான்; கழுவிக் காயவச்சாலும் நஞ்சு போகாது. நிறைய வாங்கி வச்சிருந்தா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கு, அரைக் கிலோ எடுத்துட்டுப் போய்க் கொடுத்துப் பாருங்க.