மகளுக்கு முதல் ஏர் பிஸ்டல்: எதை வாங்குவது?

பவானி அப்பா:

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மே மாத விடுமுறையில் கோவையில் சித்தி வீட்டில் இருந்தபோது ஒரு ரைஃபிள் கிளப்பின் கோடைப் பயிற்சியில் சேர்த்துவிட்டோம். பொழுது போகட்டும் என்றுதான். இப்போது விடுவதாக இல்லை. வார விடுமுறை வந்தால் பஸ் ஏறிப் போய் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டுவிட்டு வருகிறாள். கை நன்றாக நிற்கிறது, அடுத்த வருடம் மாநிலப் போட்டிக்கு அனுப்பலாம் என்று கோச் சொல்கிறார்.

கிளப்பில் பிஸ்டல் கொடுக்கிறார்கள். ஆனால் இவள் இடது கைக்காரி, அங்கே இருப்பதெல்லாம் வலது கைப் பிடி. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வைத்திருந்த மோரினி பிஸ்டல்தான் வேண்டும் என்று ஒரே அடம். ஒரு டீலர் ஸ்டெயர் என்கிறார், இன்னொருவர் வால்தர் என்கிறார். கையில் இருப்பது ஒன்றரை லட்சம். அதற்கு மேல் என்றால் நகைக்கடன்தான். பழைய மோரினி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ஒரு கடையில் சில ஆயிரத்துக்கே ஸ்பிரிங் பிஸ்டல் பார்த்தேன், வீட்டில் பழக அது போதுமா? லைசென்ஸ் வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை வக்கீல்:

லைசென்ஸ் கேள்விக்கு மட்டும் பதில். 4.5 மி.மீ. குண்டு, 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே, ஐந்தாறு ஜூலில்தான் இருக்கும். அடையாள அட்டை கொடுத்து பில்லோடு வாங்குங்கள், அந்த பில்லை பிஸ்டல் பெட்டியிலேயே வையுங்கள். பஸ்ஸில் யாராவது கேட்டால் காட்ட உதவும். பின்னாளில் 25 மீட்டருக்குப் போய் .22 துப்பாக்கி கேட்டாளானால் அது லைசென்ஸ் விஷயம், அப்போது பார்க்கலாம்.

மில் ஃபிட்டர்:

நான் கோவையில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மாஸ்டர்ஸ் (மூத்தோர்) பிரிவில் சுடுகிறேன். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் எங்கள் ரேஞ்சில் எந்தப் பிஸ்டலில் காற்று இறங்கினாலும் என்னிடம்தான் வரும், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரியும்.

முதலில் அந்த ஸ்பிரிங் பிஸ்டல். வேண்டாம். ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கியே குதிக்கும், டிரிகர் கல் மாதிரி இருக்கும். குழந்தை டிரிகரைப் பிடுங்கி இழுக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பின்னால் எடுக்க கோச் படாத பாடு படுவார். நம் போட்டியில் டிரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். பரிசோதனை மேசையில் அந்த எடைக்கல்லை டிரிகரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். நல்ல பிஸ்டலில் அந்த 500 இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டம் விரலைத் தொட்டு நிற்கும், இரண்டாவது கண்ணாடி உடைவதுபோல விடும். இலக்கின் நடுவில் உள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து, 75 நிமிடத்தில் 60 குண்டு அதற்குள் போட வேண்டும் என்றால் டிரிகர் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து பிராண்ட். மோரினி, ஸ்டெயர், வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் எல்லாமே ஒலிம்பிக் மேடை பார்த்தவைதான். பேரலை (குழலை) பட்டறை வைஸில் இறுக்கிக் கட்டிச் சுட்டால் எல்லாம் ஒரே ஓட்டையில்தான் போடும். உங்கள் மகளின் இலக்கில் ஏழு விழுவதும் எட்டு விழுவதும் பேரலால் அல்ல. அதனால் பிராண்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் பிடி, அப்புறம் டிரிகர், அப்புறம் எடை, அதற்கும் அப்புறம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாஷர் மாற்றித் தர யார் இருக்கிறார்கள் என்பது.

பிடிதான் முக்கால்வாசி விஷயம். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தச் சொல்லுங்கள். கண் திறந்ததும் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நின்றால் அந்தப் பிடி அவளுக்கு. மணிக்கட்டை வளைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தால் இல்லை. பதினாலு வயதுக் கைக்கு எஸ் (சிறிய) அளவு கேட்டுப் பாருங்கள். இடது கைப் பிடியை டீலர்கள் பெரும்பாலும் ஆர்டர் செய்துதான் வரவழைப்பார்கள், காத்திருக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மரப்பிடி என்றால் கொஞ்சம் அரம் போடலாம், பள்ளமான இடத்தில் வுட் ஃபில்லர் வைத்து நிரப்பலாம். விதிக்குள் இருந்தால் போதும்: பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. கை வளர்ந்தால் பிடியை மட்டும் மாற்றலாம், பிஸ்டல் அப்படியே இருக்கும்.

எடை விஷயத்தில் மேல் எல்லை 1500 கிராம், ஆனால் மேட்ச் (போட்டி) பிஸ்டல்கள் பல ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சின்ன உடம்புக்கு அதிலும் லேசானதாகப் பாருங்கள். ஹேமர்லி ஏபி 20 தொடக்கக்காரர்களுக்கென்றே செய்தது, 900 கிராமுக்கும் கீழே. ஸ்டெயரில் எல்பி 10-க்கு உள்ளே அதிர்வைத் தணிக்கும் அமைப்பு உண்டு. எல்பி 2-இல் அது கிடையாது, விலையும் குறைவு. ஆரம்பத்தில் அந்த வித்தியாசம் அவள் கைக்குத் தெரியாது.

மோரினி மோகம் எனக்குப் புரிகிறது. மனு பாக்கர் பாரிஸில் தகுதிச் சுற்றில் 580 எடுத்து இறுதிக்குப் போய் வெண்கலம் வாங்கியதை நானும் எழுந்து நின்றுதான் பார்த்தேன். ஆனால் 2021-இல் டோக்கியோவில் அதே மனுவுக்குச் சுற்றின் நடுவே பிஸ்டலின் லிவர் உடைந்தது. சரிசெய்து திரும்புவதற்குள் நிமிடங்கள் போய்விட்டன. 575 எடுத்து 12-ஆம் இடம். எந்தப் பிஸ்டலும் உடையும். உடைந்தால் யார் பார்ப்பார்கள் என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

தாம்பரம் ஷூட்டர்:

ஃபிட்டர் அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஒரு விஷயம் சேர்க்கிறேன். கல்லூரி நாட்களில் நான் கிளப் பிஸ்டலில்தான் சுட்டேன். இன்று ஒருவர் சைட்டைத் திருப்பி வைப்பார், நாளை இன்னொருவர் டிரிகரைத் தொட்டிருப்பார், ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குவதுபோல் இருக்கும். வலது கைக்காரியான எனக்கே அப்படி. இந்தப் பெண் இடது கை. வலது கைப் பிடியில் கட்டாயப்படுத்திப் பழக்கினால் கை வலிதான் மிஞ்சும். அதனால் ரொம்பக் காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்க இயல்பாக முந்தும் கண், எது என்றும் பார்த்தீர்களா? இடது கை, வலது கண் என்றாலும் பயம் வேண்டாம். பிஸ்டலில் தலையைச் சற்றுத் திருப்பினால் சமாளிக்கலாம், ரைஃபிள் போலச் சிக்கல் இல்லை. மற்றக் கண்ணை இறுக மூடாமல் 30 மி.மீ. அகலத்துக்குள் ஒரு மறைப்பு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஆறுதல். ரைஃபிள் என்றால் ஜாக்கெட், பேன்ட் என்று தனிச் செலவு. பிஸ்டலுக்கு அது எதுவும் இல்லை. கணுக்காலை மூடாத சாதாரண ஷூ போதும். ஆனால் பெல்லட் (குண்டு) செலவைக் கணக்கில் வையுங்கள், அது நிற்கவே நிற்காது.

பவானி அப்பா:

ரொம்ப நன்றி. வக்கீல் சார் சொன்னபடி பில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கண் சோதனை இன்று செய்தோம், இடது கண்தான், நிம்மதி. ஃபிட்டர் அண்ணா, அந்தப் பழைய மோரினி 162 ஈஐ. விற்பவர் அனுப்பிய படத்தில் காற்று அடைக்கும் சிலிண்டரின் கழுத்தில் 2013 என்று தெரிகிறது. இதில் ஏதாவது இருக்கிறதா? சகோதரி சொன்னதும் சரிதான், அவளுக்கு விரல் அடியில் காய்த்துப்போய் இருக்கிறது. புதிது வரும்வரை என்ன செய்வது?

மில் ஃபிட்டர்:

2013 என்றால் அந்தச் சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. பத்து வருடம்தான் செல்லும், காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்பது சர்வதேச விதியிலேயே இருக்கிறது. போட்டியை விடுங்கள், 200 பார் அழுத்தம் அடைத்த பழைய சிலிண்டரைக் குழந்தை முகத்துக்கு நேரே நீட்ட நான் விடமாட்டேன். புதுச் சிலிண்டர் என்ன விலை என்று டீலரிடம் கேட்டு, அதைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். ஈஐ என்றால் டிரிகர் மின்னணு, பேட்டரியில் ஓடுவது. அந்தச் சர்க்யூட் பழுதானால் என்னைப் போன்றவன் கை வைக்க முடியாது. பிடியும் வலது கைதான் என்பார் என்று நினைக்கிறேன். இடது பிடி தனியாக வாங்கினால் பாதி விலை என்ற கணக்கே தப்பிவிடும். சிலிண்டரை நிரப்பி மாட்டி ஒரு இரவு வைத்து, காலையில் அழுத்தமானியின் முள் இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்க விடுகிறாரா கேளுங்கள். மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

புதிது வரும்வரை ஒரு வழி இருக்கிறது. கிளப்பில் அவள் எந்த மாடலில் சுடுகிறாளோ, அதற்கான இடது கைப் பிடியை மட்டும் முதலில் வாங்குங்கள். ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் கழன்று வரும். கோச்சிடம் அனுமதி கேட்டு, அவள் சுடும் நேரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளலாம். பின்னால் அதே மாடலை வாங்கினால் அந்தப் பிடி அப்படியே உதவும். எங்கள் ரேஞ்சில் ஒரு பையன் இப்படித்தான் ஓட்டுகிறான்.

பிஸ்டல் வந்த பிறகு வீட்டில் பெல்லட்டே இல்லாமல் டிரை ஃபயர் செய்யட்டும், மேட்ச் பிஸ்டலில் அதற்கென்றே வசதி இருக்கும். வெறும் வெள்ளைச் சுவர் போதும், இலக்கு ஒட்ட வேண்டாம். முன் சைட்டை மட்டும் பார்த்து டிரிகரை எடுக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பெட்டியில் வைக்கும்போது பேரல் முழு நீளத்துக்கும் பாதுகாப்புக் கயிறு போட்டு வைக்கப் பழக்குங்கள், ரேஞ்சில் அது கட்டாயம்.

காற்றுக்கு கை பம்ப் வாங்குவதானால் ஈரம் வடிக்கும் ஃபில்டரோடு வாங்குங்கள். எங்களிடம் வரும் பிஸ்டல்களில் பாதி, உள்ளே தண்ணீர் போய் வருபவைதான். பெல்லட்டில் தலை அளவு 4.49, 4.50 என்று தனித்தனி டப்பா உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுட்டுப் பார்த்து எது கூட்டமாக விழுகிறதோ அதை மொத்தமாக எடுங்கள். கிளப் பிஸ்டல் எந்த மாடல் என்று கோச்சிடம் கேட்டு இங்கே எழுதுங்கள், அதற்கு இடது பிடி எந்த அளவில் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.