ஜெட் அப்ரோச்சில் வேகம் கைக்கு அடங்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
செஸ்னா 172 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் 200 மணி நேரம் பறந்திருக்கிறேன். இப்போது ஜெட் டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ஜெட் வகையை ஓட்டும் தகுதிக்கான பயிற்சி). நான்காவது சிமுலேட்டர் வகுப்பு முடிந்தது. ஒவ்வொரு அப்ரோச்சிலும் (ஓடுபாதையை நோக்கி இறங்கும் கட்டம்) இதேதான்: வேகம் 10 நாட் (விமான வேக அலகு) கூடுதலாக நிற்கிறது, எஞ்சின் லீவரை ஐடிலுக்கு (மிகக் குறைந்த நிலைக்கு) இழுக்கிறேன், முதலில் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு வேகம் சரசரவென்று சரிகிறது. லீவரைத் தள்ளி எஞ்சின் எழுவதற்குள் கிளைட் பாதைக்குக் (சரியான இறங்கு சரிவுக்கு) கீழே போய்விடுகிறேன். நேற்று இரண்டு கோ-அரவுண்ட் (தரையிறங்காமல் மீண்டும் மேலேறுவது). எங்கே தவறு?

பதில் 1:
தம்பி, உங்கள் கை இன்னும் செஸ்னாவிலேயே இருக்கிறது. அங்கே த்ராட்டிலை மூடினால் புரொப்பெல்லரே காற்றை மறித்து வேகத்தைக் குறைக்கும். திறந்தால் அது தள்ளும் காற்று இறக்கை மேல் பாய்ந்து அந்த நொடியே தூக்கும். ஜெட்டில் இரண்டும் கிடையாது. ஐடிலிலும் எஞ்சின் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து முழு த்ரஸ்ட் (எஞ்சின் தள்ளுவிசை) வர 5 முதல் 8 நொடி பிடிக்கலாம். 140 நாட்டில் நிமிடத்துக்கு 700 அடி இறங்கும்போது, 8 நொடி என்பது 90 அடிக்கும் மேல்.

1965 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு போயிங் 727 ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி 43 பேர் இறந்தார்கள். நிமிடத்துக்கு 2,000 அடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. த்ரஸ்ட்டைக் கூட்டியது மிகவும் தாமதம். அதனால்தான் பயிற்றுநர்கள் இதில் இவ்வளவு கண்டிப்பு.

10 நாட்டுக்காக ஐடிலுக்குப் போகாதீர்கள். என்1-ஐ (எஞ்சின் முன்விசிறியின் சுழற்சி அளவு) 2, 3 சதவீதம் குறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். கியரும் (சக்கரங்கள்) முழு ஃபிளாப்பும் (இறக்கையின் பின்மடிப்பு) போட்டபின் எவ்வளவு என்1 தேவை என்று கேட்டு மனப்பாடம் செய்யுங்கள்.

பதில் 2:
கோளாறு இன்னும் முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். சமமாகப் பறக்கும்போது 10 நாட் குறைய ஏறக்குறைய ஒரு மைல் வேண்டும். கிளைட் பாதையில் கியர் போடாமல் வேகம் குறையவே குறையாது. அதில் ஏறும் முன்பே வேகத்தை முடித்துவிடுங்கள். 1,000 அடி உயரத்தில் வேகமும் இறக்கமும் நிலைப்படவில்லையா, யோசிக்காமல் கோ-அரவுண்ட்.

கேட்டவர்:
இன்று லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகவே நகர்த்தினேன். ஐந்தில் நான்கு அப்ரோச் நிலையாக வந்தது, மிக்க நன்றி! ஆனால் ஓடுபாதை மேல் நெடுநேரம் மிதக்கிறேன்.

பதில் 1:
அதுவும் 172 பழக்கம்தான். வேகம் கரையும்வரை மூக்கைப் பிடித்து வைக்காதீர்கள். பல ஜெட்களில் 20, 30 அடியில் 2, 3 டிகிரி உயர்த்தினால் போதும், சக்கரம் தொடட்டும். 130 நாட்டில் மிதக்கும் ஒவ்வொரு நொடிக்கும் 200 அடிக்கு மேல் ஓடுபாதை போய்விடும்.