மங்குக்கும் பருக்குழிக்கும் ஒரே லேசர் போதுமா?

செண்பகம்:
என் நிறம் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. இரண்டு கன்னத்திலும் மங்கு, அதற்கு நடுவே பழைய பருக்குழிகள், தாடையில் முடி வேறு. ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் (தோலை நுண்புள்ளிகளாகச் சுடுவது) வைத்தால் மங்கும் குழியும் சேர்ந்தே போய்விடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்.

முகிலன்:
தைரியமாகச் செய்யுங்கள். என் குழிகளுக்கு மூன்று தடவை அதைத்தான் வைத்தார்கள். முதல் நாலு நாள் கன்னம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது, கிட்டத்தில் பார்த்தால் கட்டம் போட்டதுபோல் பழுப்புப் புள்ளிகள். ஒரு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. பலன் உடனே தெரியாது. மாதங்கள் கழித்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் முகம் பார்த்தபோதுதான் குழிகளின் நிழல் குறைந்திருப்பது தெரிந்தது. லேசான லேசரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டாம்.

யாழினி:
முகிலன், குழிக்கு நீங்கள் சொல்வது சரி. மங்குக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அக்காவுக்கு இதே பேச்சைச் சொல்லித்தான் செய்தார்கள். இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருந்தது, அப்புறம் மங்கு முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது. அவள் மாதக்கணக்கில் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு இலக்கு உண்டு. ஆண்டர்சன், பேரிஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1983-இல் எழுதிவைத்த அடிப்படை இது. கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டர், அதன் இலக்கு தோலில் உள்ள நீர். தோலைச் சுட்டுப் புதிதாக வளரவைக்கும், குழிக்கு அது வேண்டும்தான். ஆனால் மங்கு உள்ள இடத்தில் நிறமி செல்கள் ஏற்கெனவே சீண்டப்பட்ட நிலையில் இருக்கின்றன. சூடு பட்டால் இன்னும் நிறமியைக் கொட்டும். கறுத்த தோலில் இந்த ஆபத்து கூடுதல்.

முகிலன்:
அப்படியென்றால் நிறமிக்கென்றே 1064 நானோமீட்டரில் க்யூ ஸ்விட்ச்டு லேசர் (மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்வது) இருக்கிறதே? குறைந்த சக்தியில் பல தடவை வைக்கும் டோனிங் செய்து மங்கு வெளுத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். லேசரே வேண்டாம் என்பது பயமுறுத்தல்.

யாழினி:
வேண்டாம் என்று சொல்லவில்லை, அதிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். டோனிங்கில் வெளுக்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். அளவு மீறினால் சோழி சோழியாக வெள்ளைப் புள்ளிகள் விழும், அவற்றைச் சரிசெய்வது மங்கைவிடக் கஷ்டம். முதலில் தோல் மருத்துவர் தரும் களிம்பு, கூடவே இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுக்காது.

வேலவன்:
குழியிலும் எல்லாம் ஒன்றல்ல. ஊசி குத்தினாற்போல் குறுகி ஆழமாக இருப்பதற்கு லேசர் எட்டாது. எனக்கு மருத்துவர் பல்குச்சி நுனியில் அடர்த்தியான டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தைத் தொட்டு ஒவ்வொரு குழியிலும் வைத்தார், ஒரு நொடியில் குழி உப்புப் பூத்ததுபோல் வெளுத்தது. அகலமாக அலையலையாக இருந்தவற்றுக்கு, அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிட்டார். லேசர் அதற்கப்புறம்தான்.

முகிலன்:
உண்மைதான், என் குறுகிய குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் அகலக் குழிக்கு என் ஓட்டு கார்பன் டை ஆக்சைடுக்கே.

செண்பகம்:
தாடை முடியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே?

யாழினி:
உங்கள் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் கேளுங்கள். அலைநீளம் கூடக்கூட மேல்தோலின் நிறமி குறைவாக உறிஞ்சும், அதனால் சுடாமல் வேர்வரை போகும். நரைத்த முடிக்கு வேலை செய்யாது. ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இல்லையென்றால் ஹார்மோன் பரிசோதனை முதலில். அதைக் கவனிக்காவிட்டால் புது முடி முளைத்துக்கொண்டே இருக்கும்.

செண்பகம்:
இரண்டு வருஷமாக ஒழுங்கில்லைதான். சரி, முதலில் அந்தப் பரிசோதனை. மங்குக்குக் களிம்பு. குழிக்கு லேசர் என்று முடிவானால், காதோரத்தில் சின்ன இடத்தில் வைத்துச் சில வாரம் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

முகிலன்:
மங்கு அடங்கியதும் குழியைத் தள்ளிப்போடாதீர்கள். நான் ஐந்து வருஷம் தள்ளிப்போட்டேன்.