ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை நாமே மாற்ற முடியுமா?

செம்பூர் மீனா:
190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், பதினோரு வருஷம் ஆகிறது. மும்பையில் மழை பிடித்ததிலிருந்து கதவோரம் வியர்த்துக் கொட்டுகிறது. ஃப்ரீசரில் பனி மண்டி உள்மூடி சாத்தவே முடியவில்லை. கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது. ராத்திரி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி வழிந்து கிடக்கிறது. கீல் பக்கம், மேல் மூலையில் ரப்பர் விரல்கடை நீளத்துக்கு உள்ளே மடங்கியிருக்கிறது. பார்க்க வந்தவர் கதவைத் தொடக்கூட இல்லை, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார். அம்மா வாங்கிக் கொடுத்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

டோம்பிவிலி ராஜன்:
அக்கா, அவசரப்பட்டு ரப்பர் வாங்காதீர்கள். பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் காற்று போகிறது. நாலு பக்கமும் அரை அடிக்கு ஒரு தரம் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் மட்டும் இடைவெளி என்றால் கதவு தொங்கியிருக்கலாம், கீல் திருகை முடுக்கிப் பாருங்கள்.

மடங்கிய இடத்துக்கு வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, ரப்பர் இளகியதும் விரலால் நீவி நிமிர்த்துங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சை இருக்கும், சமையல் சோடா கரைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பருக்குள் ஓடும் காந்தப் பட்டைதான் கதவைப் பிடிக்கிறது, அழுக்கு ஏறினால் அது ஒட்டாது. கீல் பக்கம் உரசி உரசித்தான் மடங்குகிறது, அங்கே மட்டும் துளி வாசலின் தடவுங்கள்.

மாட்டுங்கா மாமா:
ராஜன் சொல்வது சரி. ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் மாற்றம்மா. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. அளவு கொஞ்சம் மாறினாலும் மூலை உட்காராது. சிலவற்றில் ரப்பரைப் பள்ளத்தில் அழுத்தினாலே போதும், மூலைகளை முதலில் உட்கார வை. உன்னுடையதில் ரப்பருக்கு அடியில் திருகு இருந்தால் தளர்த்து, கழற்றாதே. நான் எல்லாத் திருகையும் கழற்றி, கதவின் உள்தட்டு கையோடு வந்துவிட்டது. திரும்பப் பொருத்தியபின் கதவு கோணிக்கொண்டது, நேராக்க ஒரு பகல் போனது.

செம்பூர் மீனா:
மாமா, ராஜன், ரொம்ப நன்றி. தாள் அந்த ஒரு மூலையில் மட்டும்தான் வழுக்கியது. கிழிசல் இல்லை. மூன்று தரம் ஒத்தடம் கொடுத்து, கதவை டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டேன். இப்போது தாளை இழுத்தால் கிழிந்துவிடும் போல் இருக்கிறது. கம்ப்ரசர் நடுநடுவே நிற்கிறது. மாவு நேற்று வைத்த மட்டத்திலேயே இருக்கிறது.