சாயங்காலம் ஏழரைக்கு வாயில் வந்த ஒரு வார்த்தை

லிங்கராஜபுரம் சாவிக்கொத்து:

பெங்களூரில் சொந்தமாக வீட்டுத் தரகு செய்கிறவன் நான். இது 2024 ஏப்ரலில் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று காலை ஒன்பதிலிருந்து ஏழு வீடு காட்டியாகிவிட்டது. ஹென்னூர் பார்ட்டியை முதலில் பார்ப்பதா, பானஸ்வாடி பார்ட்டியையா? ஓனர் 28,000 சொன்னதை 26,000 ஆக்கக் கேட்பதா, வேண்டாமா? நாய் வளர்க்கும் பையனை அந்த ஓனரம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா? மூன்று மிஸ்டு கால் இருக்கிறது, எதைத் திருப்பிக் கூப்பிடுவது? நாள் முழுக்க இதேதான். சொந்தமாகத் தரகு செய்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆபீஸ் வேலை என்றால் "சார், நீங்க சொல்லுங்க" என்று மேலே தள்ளிவிடலாம். நமக்கு மேலே யாரும் இல்லை.

கடைசிப் பார்ட்டி வேலூர்ப் பக்கத்து ரிட்டயர்ட் தம்பதி. மகனுக்கு மான்யதா டெக் பார்க்கில் வேலை. இரண்டாவது மாடி, டூ பெட்ரூம், வாடகை 24,000, அட்வான்ஸ் 2 லட்சம். அந்தக் கட்டடத்தில் பிப்ரவரியிலேயே போர்வெல் வற்றிவிட்டது, லாரித் தண்ணீர்தான். காலையில் சாவி வாங்கும்போதே வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

அந்த அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நன்றாகக் கொட்டியது, மதியம்தான் லாரி வந்துவிட்டுப் போயிருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, உங்க வீட்டுக்காரங்களுக்குப் பாக்கறதா இருந்தா இதை எடுப்பீங்களா?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் பெரியவர் மாசம் எத்தனை லோடு, காசு யார் தருவது, மெயின்டனன்ஸில் சேருமா என்று கேட்பார். அப்புறம் வேறு வீடு தேட வேண்டும். எந்த வீடு, எப்போது, யாரிடம் சாவி? அதையெல்லாம் ஆரம்பிக்க மண்டைக்குள் இடமே இல்லை. "எடுத்துக்கோங்கம்மா" என்றேன்.

கமிஷனுக்காகச் சொல்லவில்லை. வேறு வீடு பிடித்துக் கொடுத்திருந்தாலும் அதே ஒரு மாச வாடகைதான் எனக்கு வந்திருக்கும். மார்ச்சிலேயே மாவட்ட நிர்வாகம் லாரித் தண்ணீருக்கு விலை நிர்ணயித்திருந்தது, 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். அந்த ஒரு விவரத்தை மட்டும் சொல்லியிருந்தால்கூட அவர்களே கணக்குப் போட்டு முடிவு செய்திருப்பார்கள். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

நாளெல்லாம் முடிவெடுத்துக் கடைசியில் இப்படிக் கை நழுவின அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள்.

கம்மனஹள்ளி அக்கா:

எனக்கும் உண்டு தம்பி. எனக்கு நடந்தது ரிஜிஸ்ட்ரேஷன் அன்று, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படிக்கட்டில்.

90 லட்சம் ஃபிளாட். என் கமிஷன் 1 சதவீதம் என்று முதல் நாளே பேசினது. ஆனால் டோக்கன் போட்ட பிறகு, 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 ஆகிவிட்டது. முத்திரைத் தீர்வை, அதன் மேல் செஸ் எல்லாம் ஏற்கெனவே இருக்க, இன்னும் 90,000 கூட. அன்று காலை ஆறு மணியிலிருந்து நான் அலைந்துகொண்டிருந்தேன். இ-காத்தாவில், அதாவது மாநகராட்சியின் ஆன்லைன் சொத்துப் பதிவில், பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம், அதைத் திருத்த எங்கே போவது, ஸ்லாட்டை மாற்றுவதா, வங்கிக்காரரைக் காக்க வைப்பதா, எல்லாம் என் தலையில். நாலு மணிக்குக் கையெழுத்து முடிந்து வெளியே வந்தால், வாங்கினவர் படிக்கட்டில் நிறுத்தி, "மேடம், எனக்குச் செலவு ஏறிடுச்சு, நீங்க பாதி விட்டுக் கொடுங்க" என்றார்.

"சரி" என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 45,000 ரூபாய்! அவருக்கே ஆச்சரியம், என் முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்ற பார்வை அது. அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது. காசு அப்புறம் சம்பாதித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் கமிஷன் பேச்சு யார் எடுத்தாலும் எனக்கு ஒரே பதில்தான்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சொல்றேன்." அது இல்லை என்றும் அர்த்தமில்லை, ஆமாம் என்றும் அர்த்தமில்லை. பத்து மணிக்கு நான் வேறு ஆள்.

ஹலசூரு ஏரிக்கரை:

லிங்கராஜபுரம் தம்பி வருத்தப்படக் கூடாது. இதைச் சோர்வு என்று சொல்லாதீர்கள். தெரிந்த விஷயத்தை மறைத்தீர்கள், அவ்வளவுதான். ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 10-ஐப் படித்துப் பாருங்கள். தரகர் தவறான தகவல் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. சாயங்காலம் ஏழரை மணிக்கு விதிவிலக்கு என்று அதில் இல்லை.

ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறந்த 2009-ல்தான் நான் தொழிலுக்கு வந்தேன். முதல் வருஷமே மர்பி டவுனில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்தது. புருஷன் போன அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். வாங்க வந்தவர் ராத்திரி ஒன்பது மணிக்கு ரொக்கத்தோடு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், உடனே முடிவு சொல்லச் சொல்லி. என் கண் சொருகுகிறது. அப்போதும் "இன்னைக்குப் பதில் கிடையாது, பணத்தை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே போனார், திரும்பி வரவில்லை. வேறு ஆளுக்கு விற்றுக் கொடுக்க எட்டு மாசம் ஆனது. சோர்வு எல்லாருக்கும் இருக்கிறது.

மகாதேவபுரா தம்பி:

ஐயா, ரேரா புதுப் புராஜெக்ட் விற்பனைக்கான சட்டம். வாடகை வீட்டுக்கு அது வராது. அண்ணன் செய்தது சரி என்று சொல்லவில்லை, சட்டத்தைச் சரியாகச் சொல்வோம் என்றுதான் சொல்கிறேன். அப்புறம், உங்கள் கதையிலேயே விடை இருக்கிறது. நீங்கள் அன்று ராத்திரி முடிவெடுக்கவில்லை, முடிவைத் தள்ளி வைத்தீர்கள்.

என் அனுபவம் சின்னது. வைட்ஃபீல்டில் ஒரு தம்பதிக்கு ஒரே சனிக்கிழமை ஒன்பது வீடு காட்டினேன். ஒன்பதாவது வீட்டு வாசலில் கணவர் மனைவியிடம், "பால்கனி இருந்துச்சே, அது எது?" என்று கேட்டார். எனக்கும் ஞாபகம் வரவில்லை. மூன்று பேரும் லிஃப்ட் முன்னால் சும்மா நின்றோம். லிஃப்ட் வந்தது, கதவு மூடிப் போயும்விட்டது.

இனி நான் செய்வதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு பார்ட்டிக்கு ஒரு நாளில் மூன்று வீடுதான். 2000-ல் அமெரிக்காவில் ஒரு கடையில் ஜாம் வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை, ஆனால் வீடு பார்க்கிறவர்களிடம் நான் கண்ணால் பார்க்கிறேன். முதல் போனிலேயே ஐந்து கேள்வி கேட்டுவிடுவேன்: எத்தனை பேர், எந்த மாசம் குடிவருவது, அட்வான்ஸ் எவ்வளவு வரை, மெட்ரோ நடை தூரத்தில் வேண்டுமா, சைவமா அசைவமா. கடைசிக் கேள்வி கேட்க எனக்கே பிடிக்காது, ஆனால் சில ஓனர்கள் கேட்கிறார்கள், நேரில் போய் அவமானப்படுவதை விடப் போனிலேயே முடிந்துவிடட்டும். 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் மெட்ரோ இணைந்த பிறகு, நாலாவது கேள்வி ஒன்றே பாதி வீடுகளைக் கழித்துவிடுகிறது.

விற்பனைக்கு இன்னும் கண்டிப்பு. 30 வருஷத்து இசி (வில்லங்கச் சான்று), தாய்ப் பத்திரம், இ-காத்தா, ஓசி (கட்டி முடித்த வீட்டில் குடியேறலாம் என்ற சான்று), விவசாய நிலமாக இருந்திருந்தால் அதை மாற்றிய டிசி கன்வர்ஷன் ஆணை. இவை என் கைக்கு வராமல் எந்தப் பார்ட்டியையும் வீட்டு வாசலுக்குக்கூடக் கூட்டிப்போக மாட்டேன். பி காத்தாவை (அங்கீகாரம் முழுமையாக இல்லாத சொத்துக்கான பதிவு) என்ன செய்வது என்று தினமும் யோசித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் உட்கார்ந்து, பி காத்தா எடுப்பதில்லை என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். வருமானம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த யோசனை திரும்ப வரவே இல்லை.

போன் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சைலண்ட். சாப்பிட்டே ஆக வேண்டும். 2011-ல் இஸ்ரேல் நீதிபதிகள் பற்றி ஓர் ஆய்வு வந்தது. காலையில் கைதிகளின் மனுக்களில் 65 சதவீதம் ஏற்கிறார்கள், இடைவேளை நெருங்க நெருங்க அது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது, சாப்பிட்டுவிட்டு வந்ததும் மறுபடி 65. நீதிபதிக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

ஸ்ரீராமபுரம்:

அந்த நீதிபதி ஆய்வை எல்லாரும் சொல்கிறார்கள். அதே வருஷமே அதற்கு மறுப்பும் வந்தது. வழக்குகள் வந்த வரிசை கலந்து வரவில்லை, வக்கீல் இல்லாத கைதிகள் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் வந்தார்கள், அவர்கள் மனு எப்படியும் ஏற்கப்படுவது குறைவு என்று காட்டினார்கள். சாப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் நேராக முடிச்சுப் போட முடியாது.

என்னைக் கேட்டால் நேரம் காரணமில்லை, காசுதான் காரணம். நான் தப்பு செய்தது காலை பத்து மணிக்கு, இட்லி சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த நாளில்.

நம் ஊரில் நமக்கு இரண்டு ஆடி. கன்னடக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் ஆஷாடம் முதலில் வரும், 2025-ல் ஜூன் 26-க்கே ஆரம்பித்துவிட்டது. அது முடிவதற்குள் நம் ஆட்களுக்கு ஆடி பிறந்து ஆகஸ்ட் நடுவில்தான் முடியும். கிட்டத்தட்ட ஐம்பது நாள் பால் காய்ச்ச யாரும் வருவதில்லை. அப்புறம் மகாளய பட்சம், அப்புறம் மார்கழி. அந்த ஐம்பது நாளில் ஒரு போன் வந்தாலும் விட மனசு வராது.

அப்படித்தான் எலக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திரா வரைக்கும் ஒரு பார்ட்டிக்காக வண்டியில் போனேன். என் ஏரியாவே இல்லை. அவர் ஒரு சைட்டை (காலி மனை) காட்டி, "இது நல்ல சைட்டா?" என்று என்னிடம் கேட்டார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு பையன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்துக்கொண்டே கன்னடத்தில், மழை பெய்தால் இங்கே முழங்கால் தண்ணீர் என்றான். அது எனக்குத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்து "நல்ல சைட்" என்று சொல்லி முடித்திருந்தேன், அவன் பேசுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால். பார்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது என் வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் போய்விட்டார்.

இப்போது நல்ல மாசங்களில் வரும் ஒவ்வொரு கமிஷனிலும் கால் பங்கு தனிக் கணக்குக்குப் போகிறது. ஆடிக்கான பணம். அது இருப்பதால்தான் என்னால் "என் ஏரியா இல்ல, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்ல முடிகிறது. மூன்று வீடு விதி, மதியச் சாப்பாடு எல்லாம் கையில் காசு இருந்தால்தான் நிற்கும் தம்பி.

விவேக்நகர்:

நான் தரகர் இல்லை, தரகர் மனைவி. எழுதலாமா என்று தெரியவில்லை.

இவர் போன வருஷம் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியிலிருந்து, "தோசையா, சப்பாத்தியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் வாசற்படியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறார். மறுபடி கேட்டேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, மாமியார் காரியத்தில்கூட. "எதுனா ஒண்ணு குடு, என்னைக் கேக்காதே" என்றார்.

அதற்கப்புறம் நான் கேட்பதில்லை. திங்கள் தோசை, செவ்வாய் சப்பாத்தி என்று வாரம் முழுக்க அப்படியே போகிறது. அவர் சட்டையும் நானே எடுத்து வைத்துவிடுகிறேன். பிள்ளைகள் ஃபீஸ், கேஸ் புக்கிங், ஊர்க் கல்யாண மொய், எல்லாம் இப்போது நான்தான் முடிவு செய்கிறேன். ஆனால் எனக்கும் சாயங்காலம் அந்த வாசற்படி வருகிறது. என்னிடம் யாரும் கேட்பதில்லை.

கம்மனஹள்ளி அக்கா:

விவேக்நகர், உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். என் வீட்டில் நானே தரகர், நானே அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் இரண்டு சாவியையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள், சமையலறைச் சாவியும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

லிங்கராஜபுரம் சாவிக்கொத்து:

எல்லாருக்கும் நன்றி. ஹலசூரு ஐயா சொன்னதைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அந்த வேலூர்த் தம்பதி வீட்டுக்குப் போனேன். குடிவந்து ஆறேழு மாசம் கழித்து ஒரு தடவை அவர்கள் தெரு வழியாகப் போனபோது, வேறு சந்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டவன் நான்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிக் காபி போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலையிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து. பெரியவர் பேசவில்லை. அம்மா மட்டும், "முதல் மாசம் லாரிக்காரன் வரலை. இவருக்கு முட்டிவலி, நான்தான் கீழேர்ந்து குடம் தூக்கினேன்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் வாங்கின கமிஷனை மேஜை மேல் வைத்தேன், எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒன்று மாற்றியிருக்கிறேன். காலையில் சாவி வாங்கும்போதே, கொத்தில் தொங்கும் அட்டையில் அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த கெட்டது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். "லாரித் தண்ணீர்." "பின்பக்கம் கல்யாண மண்டபம்." "மேல் வீட்டில் கசிவு, ஓனர் சரிசெய்யவில்லை." பார்ட்டி உள்ளே போகும்போது சாவியை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே திறக்கச் சொல்கிறேன். சொல்வதா வேண்டாமா என்று சாயங்காலம் யோசிக்க எதுவும் மிச்சமில்லை. இரண்டு ஓனர்கள் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று ராத்திரி அந்த அம்மா போன் செய்தார். அக்ரிமெண்ட் அடுத்த மாசம் முடிகிறது, முட்டிவலிக்குத் தோதாகத் தரைத்தளத்தில், காவிரித் தண்ணீர் வரும் வீடாகப் பார்க்கச் சொன்னார். ஞாயிறு காலை பத்து மணி, இரண்டு வீடு. அட்டை எழுதி வைத்துவிட்டேன்.