மறு: சட்டமன்ற உறுப்பினருக்குத் ‘தவணை வரம்பு’

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க மாநிலச் சட்டமன்றத்தில் ஒருவர் இத்தனை தடவைக்கு மேல் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற விதிக்கு (term limit) தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் பேச்சு.

‘தவணை’ என்றாலே வங்கிக் கடன்தான் ஞாபகம் வருகிறது, ‘பதவிக்கால வரம்பு’ என்றே வைப்போம் என்கிறார் சென்னை நண்பர். திருகோணமலையில் நான் எழுதுகிற இந்த மேசையில் என் மருமகளின் தேர்ச்சி அறிக்கை கிடக்கிறது. முதலாம் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்று மூன்று நிரல். இரண்டாம் தவணைக் கணிதத்துக்குச் சிவப்பு மையில் 38. எங்களுக்குத் தவணை என்றால் இதுதான். தொடங்கும், முடியும், எத்தனை போனது என்று விரல்விட்டு எண்ணலாம்.

பதவிக்காலம் வேறு. இலங்கையில் 2015இல் வந்த 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் ஆறு ஆண்டை ஐந்தாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் தூக்கிவிட்ட ‘இரண்டு தடவைக்கு மேல் கூடாது’ என்ற தடையையும் திரும்பக் கொண்டுவந்தது. முதலாவது பதவிக்காலக் குறைப்பு. இரண்டாவதையும் ‘பதவிக்கால வரம்பு’ என்றால் வாசிக்கிறவர் எதை எடுப்பார்?

‘வரம்பு’க்குப் பதில் ‘உச்சவரம்பு’ என்று வைக்கலாமே என்றால், அது தமிழ்நாட்டில் நிலச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். வெறும் ‘வரம்பு’ போதும். தம்பலகாமத்து வயலில் வரம்பை நண்டு துளைத்தால் தண்ணீர் சத்தமில்லாமல் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கலிபோர்னியாவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 1990இல் மக்கள் வாக்களித்துக் கீழவைக்கு ஆறு ஆண்டு, மேலவைக்கு எட்டு ஆண்டு என்று வரம்பு கட்டினார்கள். கீழவையில் ஆறு முடித்தவர்கள் மேலவைக்குத் தாவினார்கள். 2012இல் அதை மாற்றி, எந்த அவையானாலும் மொத்தம் 12 ஆண்டு என்றாக்கினார்கள். (இங்கே எண்ணுவது ஆண்டை, தவணையை அல்ல என்று ஒருவர் பிடிப்பார். கீழவைத் தவணை இரண்டு ஆண்டு, மேலவைக்கு நான்கு. ஆகவே ஆறு தவணை அல்லது மூன்று. சொல் தாங்கும்.)

உண்மையான சிக்கல் அடுத்ததில்தான் இருக்கிறது. புளோரிடாவில் தொடர்ந்து எட்டு ஆண்டு இருந்தவர் விலகி நின்று, பிறகு திரும்பி வரலாம். கணக்குப் புதிதாகத் தொடங்கும். ஒக்லகோமாவில் இடைவெளி விட்டாலும் பழைய கணக்கு அழியாது. எங்கள் சம்பந்தன் ஐயாவை வைத்துப் பாருங்கள். 1977இல் முதன்முதல் நாடாளுமன்றம் போனவர், 2024இல் காலமாகும்போதும் திருகோணமலை உறுப்பினர்தான். நடுவில் பல ஆண்டுகள் உறுப்பினராக இல்லை. புளோரிடாக் கணக்கில் அந்த இடைவெளி அவருக்குக் கைகொடுத்திருக்கும். ஒக்லகோமாக் கணக்கில் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் கட்டுரை எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.

ஆகவே பொதுச்சொல் ‘தவணை வரம்பு’. முதலாவது வகை ‘தொடர் தவணை வரம்பு’, இரண்டாவது ‘மொத்தத் தவணை வரம்பு’. இந்த இரண்டாவதுக்கு ‘ஆயுள் வரம்பு’ என்று அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். காப்புறுதி முகவர் வாசலில் நிற்பதுபோல இருக்கிறது, வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்க உறுப்பினரை ‘மாகாண சபை உறுப்பினர்’ என்று போடாதீர்கள், ‘மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்’ என்றே இருக்கட்டும். எங்கள் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. தவணையே இல்லாத இடத்தில் வரம்பை எங்கே கட்டுவது?